பாயிண்டைக் கழற்றும் முன்

நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லாபு. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து மற்றத் தோட்டங்களைப் போல இங்கும் பால்மரம் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்தில் வாழ்ந்த குடும்பங்களில் பல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டன. பக்கத்துச் செப்பாங்கில் 1998இல் பன்னாட்டு விமான நிலையம் திறந்தபிறகு வேலைகளும் மாறின. இத்தனை மாற்றத்திலும் சில பழைய வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் பயன்பட்ட 72 சிசி ஹோண்டா சி70 கப்சாய் மோட்டார் சைக்கிள், குடும்பக் காராக இருந்த டட்சன் 120ஒய், அதற்கும் முந்திய மோரிஸ் மைனர், தோட்ட நிர்வாகத்தின் லேண்ட்ரோவர் ஆகியவை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே ஒரு சிறு பொருள் உண்டு. அதுதான் பாயிண்ட்.

இன்று அப்படிப்பட்ட வண்டி ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டுவிடுங்கள். இந்த யோசனை பெரும்பாலும் சரியானதே. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல நேரங்களில் தவறு. அது செய்யப்படும் முறை அதைவிட அடிக்கடி தவறு. நல்ல மாற்றம் ஒன்று மோசமான வேலையால் கெட்ட பெயர் எடுப்பதும், குறையுள்ள வண்டி ஒன்று புதிய பெட்டியின் மினுமினுப்பில் நல்லதாகத் தோன்றுவதும் இதனால்தான். எனவே இதன் வரவையும் செலவையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே உலோகத் துண்டுக்கு இரண்டு வேலை

அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி எரியூட்டல் முறை 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்தது. அடுத்த அறுபது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அந்த முறையில்தான் ஓடின. அதன் செயல் எளிமையானது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் கரண்ட் பாய்ந்து காந்தப்புலம் வளர்கிறது. சுழலும் கேம் பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. திறக்கும் கணத்தில் பாயிண்டின் வாயிலேயே பொறி பறந்து உலோகம் கருகிவிடாமல் கண்டென்சர் காக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட்தான். அது செத்துவிட்டால் வண்டி நகராது.

ஆகவே பாயிண்ட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கரண்டை அறுக்கிறது, எந்தக் கணத்தில் அறுக்க வேண்டும் என்று நேரமும் குறிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எலக்ட்ரானிக் மாற்றத்தின் நிறைகுறைகள் தெளிவாகும். முதல் வேலையை எலக்ட்ரானிக்ஸ் முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வேலையில் அது ஒரு பகுதியைத்தான் எடுக்கிறது. மீதி, பழைய இயந்திரப் பாகங்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இந்த மீதியைத்தான்.

தேய்மானத்தின் கணக்கு

நான்கு சிலிண்டர் கார் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால், பாயிண்ட் நிமிடத்துக்கு 6,000 தடவை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 3,60,000 தடவை. ஒவ்வொரு தடவையும் சுமார் 4 ஆம்பியர் கரண்டை அந்தச் சிறு வாய் அறுக்கிறது. ஒரு பக்கம் குழி விழுகிறது, எதிர்ப்பக்கம் மேடு வளர்கிறது. கேமில் உரசும் பாயிண்டின் குதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. குதி தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது, பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, டைமிங் பின்தங்குகிறது. எஞ்சின் சூடேறுகிறது, ஏற்றத்தில் இழுவை குறைகிறது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுகிறவருக்கு உறைப்பதில்லை. தளர்ந்த ஓட்டமே வண்டியின் இயல்பு என்று பழகிவிடுகிறார்.

அதனால்தான் பழைய கையேடுகள் பாயிண்டை ஏறத்தாழ ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன, பத்தாயிரத்தை ஒட்டி மாற்றச் சொல்கின்றன. கப்சாயில் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், டட்சனில் அரை மில்லிமீட்டரை ஒட்டி என்று இடைவெளிக்கு ஓர் அளவு உண்டு. ஃபீலர் கேஜும் பொறுமையும் உள்ளவர் கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் பட்டறைகளில் குறைந்துவருகிறார்கள். இன்றைய இளம் மெக்கானிக்குகள் ஊசியால் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களில் வேலை கற்றவர்கள். அவர்களிடம் பாயிண்ட் வண்டியைக் கொடுத்தால் கண் அளவில் இடைவெளி வைத்துத் திருப்பித் தருவதே பெரும்பாலும் நடக்கிறது. கூடவே, இப்போது கடைகளில் கிடைக்கும் மாற்றுக் கண்டென்சர்களின் தரமும் சீராக இல்லை. புதிதாகப் போட்டதே சில வாரங்களில் சூட்டில் செத்துப்போவது உண்டு. பாயிண்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுவே. பாயிண்ட் முறை தொடர்ந்த கவனிப்பை நம்பி வடிவமைக்கப்பட்டது. அந்தக் கவனிப்பைத் தரும் கைகளும் நல்ல உதிரிபாகங்களும் குறைந்துபோன இடத்தில் அது நம்பகமான முறையாக இருக்க முடியாது.

தொழிற்சாலைகள் ஏன் மாறின?

கார் நிறுவனங்கள் பாயிண்டைக் கைவிட்ட காரணத்தை அறிந்துகொண்டால், இந்த மாற்றம் எதற்கு நல்லது என்பது விளங்கும். 1970இல் வந்த அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின்கீழ், புகைக்கட்டுப்பாட்டு அளவுகளை ஒரு கார் 50,000 மைல் ஓடும்வரை காப்பாற்ற வேண்டியிருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும் பாயிண்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பொறி தவறினால் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய் வழியே போகும். கிறைஸ்லர் 1973இல் தன் எல்லாக் கார்களுக்கும் எலக்ட்ரானிக் முறையைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பின்தொடர்ந்தது.

நிறுவனங்கள் தேடியது நிலைப்பு. இன்று வைத்த டைமிங் அடுத்த ஆண்டும் அப்படியே நிற்க வேண்டும் என்பதே அவற்றின் தேவையாக இருந்தது. எலக்ட்ரானிக் எரியூட்டலின் முதல் சிறப்பும் இதுதான். காந்தத்தை உணரும் ஹால் சென்சரோ ஒளியை உணரும் சென்சரோ எதிலும் உரசுவதில்லை, உரசாததால் தேய்வதில்லை. கரண்டை டிரான்சிஸ்டர் அறுப்பதால் கருக உலோக வாயும் இல்லை. மழையும் வெயிலும் மாறிமாறி வரும் லாபுவில், வாரக்கணக்கில் நின்ற வண்டியின் பாயிண்ட் வாயில் துரு படிந்து கரண்டே பாயாத நிலை சாதாரணம். அந்தத் தொல்லையும் இதில் கிடையாது. வேகமாக ஓடும்போது பாயிண்ட் துள்ளி, பொறி தப்புவதும் இல்லை.

மிகைப்படுத்தப்பட்ட வாக்குறுதிகள்

இனி மறுபக்கம். ‘பொறி பலமாகும், பிக்கப் ஏறும், பெட்ரோல் மிச்சமாகும்’ என்று மூன்று வாக்குறுதிகள் கொடுக்கப்படுகின்றன. மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டை எடுத்துவிட்டு ஹால் சென்சர் தொகுதியை மட்டும் வைத்தால், காயில் பழையதே, 12 வோல்ட் பழையதே, காயிலின் 3 ஓம் தடையும் பழையதே. பொறியின் ஆற்றல் காயிலில் சேரும் கரண்டைப் பொறுத்தது. கரண்ட் கூடாதபோது பொறி எப்படிப் பலமாகும்? டிரான்சிஸ்டர் தன் பங்குக்குச் சிறிது வோல்டேஜைத் தின்றுவிடும் என்பதால், நல்ல நிலையில் உள்ள பாயிண்டைவிட அது கூடுதலாக எதையும் தருவதில்லை. காயிலையும் சேர்த்து, அதிகக் கரண்டைத் தாங்கும் தொகுதியோடு மாற்றினால்தான் பொறி உண்மையில் வலுப்படும். சிடிஐ முறையில் நிலைமை வேறு. கண்டென்சர் ஒன்றில் சேர்த்த சில நூறு வோல்ட்டை ஒரே வீச்சில் காயிலுக்குள் தள்ளுவதால், எண்ணெய்ப் பசை படிந்த பிளக்கிலும் பொறி பாய்கிறது. ஆனால் அந்தப் பொறி மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். பழைய முறையில் அதைவிடப் பல மடங்கு நேரம் பொறி நின்றெரியும். எல்லா எஞ்சினுக்கும் ஒன்றே மற்றதைவிட மேல் என்று சொல்ல இயலாது.

பிக்கப் ஏறியது, பெட்ரோல் மிச்சமானது என்ற அனுபவங்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்குக் காரணம் என்ன என்பதே கேள்வி. எலக்ட்ரானிக் தொகுதியைப் பொருத்துகிறவர் அதோடு பிளக் மாற்றுகிறார், ஒயர் மாற்றுகிறார், டைமிங்கைச் சரியாக வைக்கிறார், கார்புரேட்டரையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறார். பல ஆண்டு கவனிக்கப்படாத வண்டி அன்றுதான் முறையான பராமரிப்பைப் பெறுகிறது. பலன் பெரும்பகுதி அந்தப் பராமரிப்பின் பலன். புதிய பாயிண்டைச் சரியான அளவில் பொருத்தி அதே வேலைகளைச் செய்திருந்தாலும் வண்டி ஏறத்தாழ அப்படியே ஓடியிருக்கும். வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்: எலக்ட்ரானிக் அப்போதும் அப்படியே இருக்கும், பாயிண்ட் தளர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்நலம் பற்றியது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய டட்சனிலும் மைனரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து தண்டு ஆடும். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ளும் எடைகள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வேக்கம் டயஃப்ரம் கிழிந்திருக்கும். நேரம் குறிக்கும் வேலையில் இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஹால் சென்சர் இவற்றில் ஒன்றையும் குணப்படுத்தாது. ஆடும் தண்டின் மேல் வைத்த சென்சரும் ஆட்டத்தோடுதான் நேரம் குறிக்கும். பாயிண்டைவிட அதன் தொல்லை குறைவாகத் தெரியலாம், அவ்வளவுதான். மழைநாளில் வண்டி நிற்பதற்கும் பல நேரங்களில் காரணம் விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் பழைய பிளக் ஒயரும்தான். பழி மட்டும் பாயிண்டின் மேல் விழுகிறது. தமிழ்நாட்டில் புல்லட்டையும் அம்பாசடரையும் எலக்ட்ரானிக்குக்கு மாற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய புல்லட்டில் பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கும் தானியங்கி அட்வான்ஸ் எடைகள் சிக்கியிருந்தால், மேலே எதை மாற்றினாலும் வண்டி திருந்தாது.

கப்சாயின் கணக்கு வேறு

லாபு போன்ற தோட்டப் பகுதிகளில் அதிகம் நடப்பது சி70இன் மாற்றம்தான். காரில் நடப்பதைவிட இது பெரிய அறுவை. சி70இல் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. பாயிண்ட் மேக்னட் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு, ஹாரன் எல்லாம் 6 வோல்ட். ஆகவே சிடிஐ போடுவதென்றால் பின்னால் வந்த இஎக்ஸ்5 போன்ற வண்டிகளின் வழியில் மேக்னட், காயில் தட்டு, சிடிஐ பெட்டி, இக்னிஷன் காயில், ரெக்டிஃபையர், பேட்டரி, பல்புகள், ஹாரன், சிக்னல் ஃபிளாஷர் என ஒரு வரிசையே மாற வேண்டும்.

இதில் உண்மையான ஆதாயம் வெளிச்சம். 6 வோல்ட் விளக்கின் மங்கிய மஞ்சளோடு விடியுமுன் செம்பனைச் சாலையில் போகிறவருக்கு எதிரே வரும் லாரி தெரிவதும், அந்த லாரிக்கு அவர் தெரிவதும் உயிர்ப் பிரச்சினை. 12 வோல்ட் இந்த ஒரு காரணத்துக்காகவே நியாயமானது. 6 வோல்ட் பல்பும் பேட்டரியும் தேடி அலைவதும் குறைகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாயிண்ட் சி70, பேட்டரி முழுதாகச் செத்திருந்தாலும் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். பொறிக்குத் தேவையான கரண்டை மேக்னட்டே தருகிறது. ஏசி வகைச் சிடிஐயிலும் இந்தக் குணம் தொடர்கிறது. பேட்டரியை நம்பும் டிசி வகையைப் போட்டால் அது போய்விடும். விலை குறைவு என்றோ கையில் இருந்தது என்றோ டிசி பெட்டியைப் பொருத்திவிட்டால், வண்டியின் பெரிய பலம் ஒன்றை உரிமையாளர் அறியாமலே இழக்கிறார். பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இது ஏசியா, டிசியா என்பதுதான்.

பழுதாகும் விதம்

இரண்டு முறைகளும் பழுதாகும் விதத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பாயிண்ட் முன்னறிவிப்போடு சாகும். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், திக்கும், பின்னால் வெடிக்கும்; ஆனாலும் வீடு சேர்க்கும். நடுவழியில் நின்றாலும் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைக் கண் அளவில் வைத்து ஓட்டிவந்துவிடலாம். எலக்ட்ரானிக் தொகுதி செத்தால் அந்தக் கணத்தோடு சரி. திறந்து பார்க்கவும் எதுவும் இல்லை. பிசின் ஊற்றி மூடிய பெட்டி அது. மாற்றுப் பெட்டி கிடைக்கும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெட்டி ஏன் சாகிறது என்பதும் முக்கியம். பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தால் நொடியில் போகும். எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் போட்டுவைத்தால், தானே கரண்டை நிறுத்தும் வசதியில்லாத மலிவு வகைகளில் காயிலும் தொகுதியும் சூடேறும். தடை குறைந்த காயிலோடு இணைத்தால் தாங்காது. தடையில்லாத செம்பு பிளக் ஒயர் எழுப்பும் மின் இரைச்சலும் சில தொகுதிகளைக் குழப்பும். மோரிஸ் மைனர், பழைய லேண்ட்ரோவர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கிறது. நெகட்டிவ் எர்த்துக்கான தொகுதியை அதில் பொருத்தினால் அதே நாளில் முடிந்தது. எஞ்சின் கொதிப்பும் வெளி வெயிலும் சேரும் இடத்தில் தரமற்ற டிரான்சிஸ்டர் நீண்ட நாள் நிற்காது. இவற்றில் பெரும்பாலானவை பொருத்துகிறவரின் பிழைகள். ஆனால் பாயிண்ட் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை மன்னித்தது, எலக்ட்ரானிக் மன்னிப்பதில்லை. அதனால் இந்த மாற்றத்துக்குப் பழைய வேலையைவிடக் குறைந்த அறிவு போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது.

இன்னொரு செலவு கணக்கில் வருவதே இல்லை. ஃபீலர் கேஜும் சோதனை பல்பும் மேக்னட் சக்கரத்தில் பொறி நேரத்தைக் காட்டும் எஃப் கோடும் இருந்தால் தோட்டத்திலேயே தீர்ந்த வேலை, இப்போது உதிரிபாகக் கடையையும் இறக்குமதியையும் நம்பி நிற்கிறது. தோட்டத் தமிழர்களில் ஒரு தலைமுறை லயத்து வாசலிலேயே வண்டி வேலை பழகியது. சம்பளத்துக்கு வெளியே கையில் இருந்த தொழில் அது. அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பில்லாமல் போவதும் இந்த மாற்றத்தின் விலையில் சேரும்.

நடுவழி ஒன்று

இரண்டுக்கும் இடையில் மறந்துபோன ஒரு வழி இருக்கிறது. பாயிண்டை நேரம் குறிக்க மட்டும் வைத்துக்கொண்டு, காயிலின் கரண்டை அறுக்கும் வேலையை ஒரு டிரான்சிஸ்டரிடம் கொடுப்பது அந்த வழி. பாயிண்டின் வாயில் மிகச் சிறிய கரண்டே பாயும். அதனால் கருகாது, குழி விழாது. கண்டென்சருக்கும் வேலையில்லை. குதியின் தேய்மானம் மட்டும் இருக்கும். கேமில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் அதுவும் நெடுநாள் தாங்கும். டிரான்சிஸ்டர் போனால் இரண்டு ஒயரை மாற்றிக் கண்டென்சரை இணைத்துப் பழையபடி ஓட்டலாம். குறை என்றால், குறைந்த கரண்ட் பாயும் வாயில் எண்ணெய்ப் படலம் சேர்ந்தால் தொடர்பு அறும். வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள காருக்கு இது இன்றும் மதிக்கத்தக்க தீர்வு.

தீர்ப்பு

நாள்தோறும் வேலைக்கு ஓடும் வண்டிக்கு எலக்ட்ரானிக் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. வண்டி நின்று வேலை தவறினால் போகும் சம்பளத்தோடு ஒப்பிட்டால், பாயிண்டைவிடப் பல மடங்கு விலையான தொகுதியும் மலிவுதான். கப்சாயை 12 வோல்ட் ஏசி சிடிஐக்கு மாற்றுவது வெளிச்சத்துக்காகவே செய்யத்தக்கது. ஆண்டில் சில நாள் மட்டும் வெளியே வரும் பாரம்பரிய வண்டிக்கு, நல்ல பாயிண்டும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு கையும் இருந்தால், மாற்றம் தேவையே இல்லை.

எந்த வண்டியானாலும் நான்கு நிபந்தனைகளை வைக்கிறேன். முதலில் புஷ், அட்வான்ஸ் எடைகள், மூடி, ஒயர் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே மாற்றம். இரண்டாவது, எர்த் எது, காயிலின் தடை எவ்வளவு என்று அளந்து அதற்கேற்ற தொகுதி. மூன்றாவது, பொருத்தியபின் டைமிங் லைட் வைத்துச் சோதனை. காதால் கேட்டு முடிவு செய்வது போதாது. நான்காவது, எதையும் வெட்டாமல், ஒட்டாமல், பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய வகையில் வேலை. இந்த நான்கில் ஒன்றை மறுக்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் எறிந்துவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, வண்டியின் கருவிப் பெட்டியிலேயே வையுங்கள். காரில் தொகுதி செத்த இடத்தில் அவை உங்களை வீடு சேர்க்கும். அவற்றைப் பொருத்தத் தெரிந்த பெரியவர் உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ இன்னும் இருந்தால், வீட்டு இளைஞன் ஒருவனை அவர் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையைக் கற்கச் செய்யுங்கள்.